மேல்நோக்கி வழிந்த பச்சை

அத்தியாயம் ஏழு

இந்த நாவலின் முதல் ஆறு அத்தியாயங்களுக்கு நான் பொறுப்பில்லை. அங்கங்கே கொஞ்சம் கூட்டியிருப்பேன், கொஞ்சம் குறைத்திருப்பேன். கதை என்றால் அப்படித்தான். ஆனால் இந்த ஏழாம் அத்தியாயம் வேறு ஜாதகம். சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பேனா மை உறைந்து போகட்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, கச்சிராயபாளையம் சாலையில் கரும்புக்கார அரங்கநாதன் வீடு எது என்று கேட்டு, பின்சுவரில் இருக்கும் மாடி ஜன்னலைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பச்சை பெயிண்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எண்பத்தேழாம் வருஷம். இடஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்கச் சாலை மறியல் நடந்த வாரம். சாலைக்குச் சாலை புளியமரம் குறுக்கே படுத்துக் கிடந்தது. போன பஸ் போன இடத்தில் நின்றது, வந்த பஸ் வந்த இடத்தில் நின்றது. துப்பறியும் நிபுணர் பகலவனின் ஆபீசுக்கு, அதாவது சைக்கிள் கடை மாடிக்கு, ஒரு கேஸும் வரவில்லை.

“திருடனுக்கும் பஸ் வேணும் இல்ல சார்” என்றாள் கோகிலவாணி.

கோகிலவாணி அவருடைய உதவியாளர், டைப்பிஸ்ட், டிரைவர். பகலவனுக்கு டி.வி.எஸ். ஃபிப்டி ஓட்ட வராது. சிந்திக்கிற மனிதன் ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பிடித்தால் விழுந்துவிடுவார் என்பது அவள் கண்டுபிடிப்பு.

மறியல் முடிந்துவிட்டது என்று ஊரே கைதட்டிய அன்றைக்கு மதியம், கையில் மண்ணெண்ணெய் கேனோடு ஒரு பெண் படியேறி வந்தாள். பெயிண்டர் வீரமுத்துவின் மனைவி சின்னப்பொண்ணு.

“ஐயா, எங்க வூட்டுக்காரர காணோம்.”

“மறியலுக்குப் போயிருப்பாரு” என்றார் பகலவன்.

“சுவத்துலேருந்துங்க. சுவத்துல இருந்த ஆள காணோம்.”

பகலவன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கோகிலவாணி டைப் மிஷினில் தாளைச் செருகினாள்.

“அரங்கநாதன் ஐயா புதுசா மாடி வூடு கட்டியிருக்காரு. நாளைக்குக் கிரகப்பிரவேசம். மத்ததெல்லாம் ஒரு கோட்டிங் அடிச்சாச்சு, பின்சுவத்துல மேல இருக்கற ரெண்டு ஜன்னலுதான் பாக்கி. அதுங்களுக்கு நேர் கீழ கெணறு. ஏணி வெக்கத் தரை இல்ல. சாரம் கட்டலாம்னா சவுக்குக் கம்பு பூரா ரோட்டுல மறியல்ல கெடக்குது. அப்ப இன்னா பண்றது? இடுப்புல கயிறு கட்டி, மொட்டைமாடிலேருந்து எறங்கி, கீழ் ஜன்னல் சன்ஷேடு மேல நின்னுக்கினு அடிக்கணும்.”

“கயிற்றின் மறுமுனை?”

“மத்த நாளு மேல நின்னு நான்தான் புடிப்பேன். இன்னிக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் ஊத்தறாங்கன்னு சொன்னாங்க, போயிட்டேன். இடுப்பு முடிச்ச நானே போட்டேன். அந்தாண்ட முனைய அசையாத பொருளா பாத்துக் கட்டுய்யான்னு சொன்னேன்.” அவள் குரல் இறங்கியது. “திரும்பி வந்து பாத்தா ஆளும் இல்ல, கயிறும் இல்ல. கெணத்துல அவரு செருப்பு மெதக்குது. ஊரே கெணத்துல பூட்டாருங்குது. இன்ஜின் வெச்சு தண்ணி எறைக்கறாங்க. எங்க சித்தப்பா பந்தலுக்கு ஓலை சொல்லிட்டாரு.”

“நீ என்னம்மா சொல்றே?”

சின்னப்பொண்ணு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். கண்ணாடி வளையல்கள்.

“எல்லாரும் ஒடைங்கறாங்க. ஆள காட்டுங்க, அப்பறம் ஒடைக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்கதான் காட்டணும்.”

கோகிலவாணி தாளை உருவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

அரங்கநாதன் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் தலைக்கு மேலே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியில் திருஷ்டி பொம்மை தொங்கியது. பச்சை முகம், வாயைச் சுற்றித் துண்டு, கட்டம் போட்ட சட்டை, லுங்கி, காலில் ரப்பர் செருப்பு.

“பொம்மைக்குச் செருப்பு வேறயா? வசதியான வூடுதான்” என்றாள் கோகிலவாணி.

“ஊர்ல பூசணிக்காயோட நிறுத்திக்குவாங்கம்மா. நமக்குக் கண்ணு ஜாஸ்தி. ஆளு ஒசரத்துக்குச் செஞ்சு மாட்டினேன். சட்டை, லுங்கி நம்ம வீரமுத்துவோட பழசுதான். பெயிண்ட் பட்ட சட்டை கண்ண நல்லா உறுத்தும் பாருங்க.”

“காலையில பாத்ததுக்கு இப்ப கொஞ்சம் கொழுத்தாப்பல தெரியுது” என்றாள் அவர் மனைவி ரங்கம்மாள், அண்ணாந்து பார்த்து.

“கண்ணு பட்டா கொழுக்காதா? அதுக்குத்தானே தொங்குது? சாயங்காலம் எறக்காம கொள்ளாம அப்படியே கொளுத்திட்டா எல்லாம் போயிடும். புது வூட்டுக்குள்ள போறதுக்கு முந்தி கொளுத்தணும்.” அரங்கநாதன் பகலவன் பக்கம் குனிந்தார். “ஆமா, கெணத்துலேருந்து ஆள எடுத்த பிற்பாடு அந்தப் பாதி ஜன்னல யாரு அடிப்பாங்க?”

சின்னப்பொண்ணு அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பொம்மையே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்.

பின்பக்கம் ஆயில் இன்ஜின் தடதடவென்று கிணற்றை இறைத்துக்கொண்டிருந்தது. கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். பகலவன் ஒருவர்தான் அண்ணாந்து பார்த்தார். கழுத்துச் சுளுக்கு இருந்ததால் அவருக்குக் குனிய முடியாது. பெரிய கண்டுபிடிப்புகள் இப்படித்தான் நடக்கின்றன.

இடது ஜன்னல் முழுப் பச்சை. வலது ஜன்னல் பாதிப் பச்சை. அந்தப் பாதியிலிருந்து ஒரு கோடு கிளம்பி, வெள்ளைச் சுவரில் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து மொட்டைமாடி விளிம்பு வரை போயிருந்தது.

“கோகிலவாணி, பெயிண்ட் எந்தப் பக்கம் வழியும்?”

“கீழதான் சார்.”

“இது மேலே போயிருக்கு.”

“அப்ப நல்ல கம்பெனி பெயிண்ட்.”

“கையில பிரஷ்ஷோட ஒருத்தன் கீழே விழுந்தா கோடு கீழே போகும். இவன் கிணத்துல விழல. மேலே விழுந்திருக்கான்!”

கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது. மேலே விழுகிறவனை எந்த இன்ஜின் வைத்து இறைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் கிணற்றையே தொடர்ந்து இறைத்தார்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் கால்களில் கயிறு கட்டிய தடமில்லை. பச்சைச் சொட்டுகள் மட்டும் பின் விளிம்பிலிருந்து முன் விளிம்புக்கு நேர்கோடாகப் போயின. முன்பக்கக் கைப்பிடிச் சுவரில் சிமெண்ட் பெயர்ந்து, பெயர்ந்த இடத்தில் தேங்காய் நார் ஒட்டிக்கொண்டிருந்தது. பகலவன் அங்கிருந்து தெருவைப் பார்த்தார். தெருவெல்லாம் புழுதி. வாசலுக்கு எதிரே மட்டும் நீளமாக, ஒரு வீட்டுக் கூடம் அளவுக்குப் புழுதி படியாத இடம். நடுவில் எண்ணெய்க் கறை.

“அம்மா, இங்கே என்ன நின்னுச்சு?”

“பஸ்ஸுங்க” என்றாள் கீழேயிருந்து ரங்கம்மாள். “மறியல் ஆரம்பிச்சதுலேருந்து இங்கயேதான் நின்னுக்கினு இருந்துது. டிரைவர் கண்டக்டருக்கு நம்ம பழைய வூட்லேருந்துதான் சோறு. இன்னிக்குக் காலையில முடிஞ்சுதுன்ன ஒடனே ஹாரன் அடிச்சுக்கினு கச்சிராயபாளையம் பூட்டாங்க. நாங்கள்லாம் பின்னாலயே ஓடி, கண்ணு தெரியாத புழுதியில டாட்டா காட்டினோம்.”

பகலவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கழற்றுவார்.

“அசையாத பொருள்” என்றார்.

சின்னப்பொண்ணு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ! நேத்து இதே எடத்துல நின்னு நான்தான் சொன்னேன். கல்வராயன் மலை அசைஞ்சாலும் இந்த பஸ்ஸு அசையாதுய்யான்னு. அத நம்பித்தான் கட்டியிருக்காரு!”

பஸ் கிளம்பியிருக்கிறது. வீரமுத்து சுவரில் ஏறியிருக்கிறான், மொட்டைமாடியைக் கடந்திருக்கிறான், முன்பக்கம் இறங்கியிருக்கிறான். அப்புறம் தெரு.

“உசுரு இருக்குங்களா?”

“பார்த்துட்டு வந்து சொல்றேம்மா.”

“நான் இங்கயே இருக்கேன்” என்று பொம்மைக்கு நேர் கீழே, மண்ணெண்ணெய் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்தாள். வளையல் கையிலேயே இருந்தது.

கச்சிராயபாளையம் சாலையில் வெட்டிப் போட்ட மரங்களைப் பாதி ஓரம் தள்ளியிருந்தார்கள். கோகிலவாணி கிளைக்கும் கிளைக்கும் நடுவில் வண்டியை நெளித்தாள். பின்னால் பகலவன் குடை பிடித்துக்கொண்டு தரையைப் படித்துக்கொண்டு வந்தார். பச்சைச் சொட்டு, பச்சைச் சொட்டு, ஒரு பச்சைக் கோழி, மறுபடியும் பச்சைச் சொட்டு.

கரும்புக் கொல்லை ஓரத்தில் கட்டு சுமந்து வந்த இருசம்மாளை நிறுத்திக் கேட்டார்கள்.

“பாத்தனே! பஸ்ஸு போச்சு, பின்னால ஒருத்தன் ரோட்டுல படுத்துக்கினே போனான். எல்லாரும் மறியல முடிச்சுட்டாங்க, அவன் மட்டும் முடிக்கல. பஸ்ஸு ஓடுது, அப்பவும் வுடாம படுத்து மறிக்கறான். அப்படி ஒரு வைராக்கியம்! அவன் இன்னா கேக்கறானோ குடுத்துடுங்கம்மா.”

“ஏதாவது சத்தம் போட்டானா?”

“ஒரு முனகல் இல்ல. வளைவுல புளியமரத்துல மோதினான், தலை டப்புனு ஒடஞ்சுது. அப்பவும் கம்முனு போறான்.”

வளைவில் கட்டம் போட்ட சட்டைத்துணி ஒன்று முள்ளில் மாட்டியிருந்தது. அதில் பச்சை பெயிண்ட். கோகிலவாணி அதை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு கச்சிராயபாளையம் வரை அவள் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பகலவனுக்கு அது சொட்டுகளைவிடப் பயமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில், மலையைப் பார்த்தபடி அந்த பஸ் நின்றது. டிரைவர் பழனி டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸின் பின்புறம் பம்பரிலிருந்து கயிறு. கயிற்றில் காலி பெயிண்ட் டின். அதற்கும் பின்னால், லுங்கியும் கட்டம் போட்ட சட்டையுமாக, தலையில்லாமல், குப்புறக் கிடந்தது.

கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகலவன் மண்டி போட்டு, சட்டையைப் பிடித்து மெல்லப் புரட்டினார்.

சட்டைக்குள் கைவிட்டு எதையோ உருவினார்.

“சார்?”

“வைக்கோல்” என்றார் பகலவன்.

அவள் திரும்பினாள். குனிந்து பார்த்தாள். மூச்சு வந்தது, பேச்சும் வந்தது. “பெயிண்டர் வேலையில இவ்ளோ கம்மியாவா சாப்புடறாங்க?”

கழுத்தில் சட்டி ஓடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கரியால் வரைந்த பாதி மீசை.

“இன்னாடா வண்டி இழுக்கலயேன்னு பாத்தேன்” என்றார் பழனி, டீயை உறிஞ்சிக்கொண்டு.

பகலவன் எழுந்தார். “இது அரங்கநாதன் வீட்டுத் திருஷ்டி பொம்மை. கோகிலவாணி, கிணத்துல எத்தனை செருப்பு மிதந்துச்சு?”

“ஒண்ணு.”

“நாம பார்த்த பொம்மை கால்ல?”

அவள் கண்ணை மூடி யோசித்தாள். “ஒண்ணு.”

“வைக்கோல் பொம்மைக்கு எதுக்குச் செருப்பு? பொம்மை இங்கே இருக்கு. அப்போ அங்கே தொங்குறது யாரு?”

“சார்!” அவள் அவர் கையைப் பிடித்தாள். “சாயங்காலம் பொம்மைய கொளுத்தப் போறோம்னாரே!”

மேற்கே கல்வராயன் மலை மேல் சூரியன் உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தது. டி.வி.எஸ். ஃபிப்டி என்றால் போய்ச் சேரும்போது சாம்பல்தான் மிஞ்சும். பழனி டீ டம்ளரைக் கவிழ்த்துவிட்டு ஸ்டியரிங்கில் ஏறினார். பஸ் பறந்தது. பறக்கிற பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

“ஒரு உயிரைக் காப்பாத்தப் போறோம்யா!” என்றார் பகலவன்.

“அதுக்கு பாஸ் இல்லீங்களே” என்றார் கண்டக்டர்.

அரங்கநாதன் வாசலில் கூட்டம். கிணறு வற்றிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. ஆகவே இது கண்ணுபட்ட காரியம்தான் என்று முடிவாகியிருந்தது. ஒரு மனுஷன் போயும் காவல் காக்காத பொம்மை இனி எதற்கு? தொரட்டிக்கோல் நுனியில் துணி சுற்றி அரங்கநாதன் தயாராக நின்றார். மண்ணெண்ணெய்தான் இல்லை.

“உன் கேன்ல கொஞ்சம் ஊத்து சின்னப்பொண்ணு.”

மதியத்திலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு, கேனை நகர்த்தி வைத்தாள். “எடுத்துக்குங்க. அடுப்பு மூட்டி இனிமே யாருக்குப் பொங்கப் போறேன்? என் ராசா! என் தங்கமே! சுண்ணாம்புல கை வெச்சாலும் சந்தனமா மணக்குமே உன் கையி!”

துணியில் தீ பற்றியது. தொரட்டிக்கோல் மெல்ல மேலே ஏறியது.

ஹாரன் ஊரைக் கிழித்தது. பஸ் ஜன்னலில் இடுப்பு வரை வெளியே வந்து, குடையை ஆட்டிக்கொண்டு பகலவன் கத்தினார்:

“நிறுத்துங்க! அந்தப் பொம்மைக்குப் பொண்டாட்டி இருக்கு!”

கோல் நின்றது. அப்போது பொம்மை முகத்துத் துண்டைத் தாடையால் தள்ளிவிட்டுச் செருமியது.

“ஐயா, அந்தத் தீய கொஞ்சம் தள்ளிப் புடிங்க. பெயிண்டு ஈரம் காயல. சட்டுனு புடிச்சுக்கும்.”

தெரு காலியானது. மறியலுக்குக்கூட அந்தத் தெரு அவ்வளவு வேகமாகக் காலியானதில்லை. ரங்கம்மாள் மயங்கி அரங்கநாதன் மேல் விழுந்தாள், அரங்கநாதன் தொரட்டிக்கோலோடு சாக்கடையில் விழுந்தார், தீ அணைந்தது. ஓடாமல் நின்றது சின்னப்பொண்ணு ஒருத்திதான்.

பகலவன் பஸ்ஸை விட்டு இறங்கி, மெல்லத் திரும்பி வந்த நாலு பேருக்கு விளக்கினார். பஸ் இழுத்த இழுப்பில் வீரமுத்து மாடி ஏறி, பெயிண்டை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு முன்பக்கம் விழுந்திருக்கிறான். அதே நேரம் கைப்பிடிச் சுவர் விளிம்பில் உரசிக் கயிறு அறுந்திருக்கிறது. அறுந்த முனை டின்னையும் பொம்மையையும் சுற்றி இழுத்துக்கொண்டு பஸ்ஸோடு போய்விட்டது. மயங்கிப்போன வீரமுத்துவின் இடுப்பு முடிச்சு பொம்மை தொங்கிய கம்பியில் மாட்டிக்கொண்டது. ஆள் மாறாட்ட வழக்குகள் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். இது பொம்மை மாறாட்டம்.

சின்னப்பொண்ணு இதையெல்லாம் கேட்கவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பய்யா முழிப்பு வந்துது?”

“மதியம். நீ வந்து கீழ ஒக்காந்தியே, அப்ப.”

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?”

வீரமுத்து மேலே மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அவள் பக்கம் திரும்பினான். “ராசான்னே. தங்கம்னே. கையி சந்தனமா மணக்கும்னே. கல்யாணம் ஆனதுலேருந்து நீ ஒருநாளும் சொல்லாத வார்த்தைங்க. முடிச்சுடுவே, முடிச்சதும் கூப்புடலாம்னு பாத்தேன். நீ முடிக்கவே இல்ல.”

“தீயோட வந்தாங்களே?”

“அப்பதான் என் பல்லு அழகப் பத்தி ஆரம்பிச்சே.”

கோகிலவாணி குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சின்னப்பொண்ணு ஏணியைக் கொண்டுவந்து முன்சுவரில் சாத்தினாள். இங்கேதான் தரை இருந்ததே. ஏறிப் போய் அவன் இடுப்பு முடிச்சைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். காலையில் அவள் போட்ட முடிச்சு. இத்தனை சுவர் ஏறி இறங்கியும் ஒரு இழை நெகிழவில்லை. அந்த முடிச்சின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“கெட்டியா தொங்கறியா?”

“தொங்கறேன்.”

“பக்கத்துல இந்த ஜன்னல் கைக்கு எட்டுதா?”

“எட்டுது. ஏன்?”

மதியம் வாசல் புழுதியிலிருந்து பொறுக்கி இடுப்பில் செருகியிருந்த பிரஷ்ஷை உருவி அவன் கையில் கொடுத்தாள். “இதுக்கு ரெண்டாவது கோட்டிங் பாக்கி. அடிச்சுட்டு எறங்கு.”

சாக்கடையிலிருந்து அரங்கநாதனின் குரல் கேட்டது: “அப்படியே பின்னால அந்தப் பாதி ஜன்னலும்...”

சின்னப்பொண்ணு புதுக் கயிறு ஒன்றை அவன் முடிச்சில் கோத்து, மொட்டைமாடிக்கு ஏறினாள். மறுமுனையை இந்தத் தடவை எதிலும் கட்டவில்லை. தன் கையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் காலை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள். கீழே பஸ் கிளம்பியது. பழனி ஏறுவதற்கு முன் பின்பம்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

“ஏ சின்னப்பொண்ணு” என்றான் வீரமுத்து, பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டே. “பல்லப் பத்தி ஏதோ சொல்ல வந்தியே.”

“வேலையப் பாருய்யா” என்றாள் அவள். கயிறு இழுபடும்போதெல்லாம் அவள் கையில் வளையல் குலுங்கியது.

எழுதி முடித்த பிறகு, சொன்னது சரிதானா என்று போன மாதம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அரங்கநாதன் வீட்டுப் பின்சுவரில் ஜன்னலே கிடையாது.